மடக்குக் கத்திக்குப் பிடி போட்டவள்

என் வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப் பிராணி என்றுதான் சொல்லுவார். கல்யாணமான புதிதில் அது கேலி. ஜப்பான்காரன் வந்த பிறகு அதில் கேலி இல்லாமல் போயிற்று, ஏனென்றால் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டியிருந்த லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் என்னைப் போல ஆகிவிட்டார்கள். யார் வீட்டு அடுப்பு கூடுதல் நேரம் புகைகிறது, யார் ரிங்லெட் கடைத்தெருப் பக்கம் இரண்டு தரம் போய்வந்தான், யாருக்கு எங்கிருந்து உப்பு கிடைத்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்தவள் என்பதால் அதில் கைதேர்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரத் துரை ஒருநாள் காலையில் காரில் ஏறி மலையடிவாரத்துத் தாப்பா பக்கம் இறங்கினவர் திரும்பி வரவில்லை. அவர் பங்களாவில் ஜப்பான் துரை ஒருவன் வந்து உட்கார்ந்தான். பாதி மலையில் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம், மீதியில் கொழுந்து எடுத்தோம். பழைய துரையின் சாமான் யாரிடம் இருந்தாலும், ஒரு கரண்டியாக இருந்தாலும், ஆபீசில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்று பெரட்டில் சொன்னார்கள். காலையில் எல்லோரையும் மைதானத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். பங்களா சமையல்காரரிடம் துரையின் துண்டு ஒன்று இருந்தது என்று அவரை அதே மைதானத்தில், மழையில், மத்தியானம் வரைக்கும் முட்டிபோட வைத்தார்கள். வெறும் துண்டுக்கு!

அதைவிடப் பெரிய பயம் சயாம். கீழே ரப்பர்த் தோட்டங்களில் ஆம்பளைகளை லோரியில் ஏற்றி, ரயில் பாதை போடவென்று சயாமுக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதி இல்லை. எங்கள் மலைக்கும் லிஸ்ட் வரப்போகிறது என்று பேச்சு. லிஸ்ட் எழுதப்போகிறவர் யார்? ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. எங்கள் எல்லோருடைய பேரும் அவர் பேனாவுக்குள்தான் இருந்தது.

அந்தக் கிராணிக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே ஆகாது. ஒரு நாள் முழுக்கத் தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த தனக்கு அரை நாள் கூலியாக அரைப்பேர் போட்டுவிட்டார் என்று, பெரட்டில் அத்தனை பேர் காதும் கேட்க, "பேனாவ வெச்சுத் திருடுறவன்" என்று இவர் கத்திவிட்டார். கிராணி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவர்களை நான் என்றைக்கும் நம்பினதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். லயத்தில் குடைக்கம்பி ஒடிந்தால், பூட்டு திறக்காவிட்டால், விளக்குத் திரி ஏறாவிட்டால் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். என் வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு வா, பாத்துடலாம்" என்பார். மறுநாள் சாமான் சரியாகியிருக்கும். சரி பண்ணினது நான். சின்ன வயதிலிருந்தே எதைப் பார்த்தாலும் கழற்றிப் பார்க்கிற புத்தி எனக்கு. பொம்பளை சுத்தியலும் அரமுமாக உட்கார்ந்திருந்தால் புருஷனுக்குத்தான் கேவலம் என்பது எங்கள் லயத்துச் சட்டம், அதனால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். அவர் வெளியே போய்ப் பாராட்டை வாங்கிக்கொண்டு மீசையைத் தடவுவார். உண்மையில் அவருக்கு ஒரு ஆணியை நேராக அடிக்க வராது. கவ்வாத்துக் கத்தி பிடித்தால் அவரை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சின்ன வேலைக்கு அந்தக் கை ஆகாது. எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. "யாரு செஞ்சது?" என்று யாராவது கேட்டால் நானே "எங்க வீட்டுக்காருதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சிரிப்பேன்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் கிராணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கிராணி லயத்துக்கு வருகிற வழக்கமே இல்லை. வேண்டுமென்றால் ஆள் அனுப்புவார். வந்தவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். 

"வீட்டுக்காரன் இல்லையா?"

"மரவள்ளிக் காட்டுக்குப் போயிருக்காருங்க ஐயா."

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றின ஒன்றை எடுத்து, நாங்கள் மேஜையாக வைத்திருந்த தேயிலைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"இதுல பிடி உடைஞ்சிருக்கு. அவன்கிட்டச் சொல்லி செஞ்சு வைக்கச் சொல்லு. நாலு நாளுக்குள்ள வேணும். பிடி மட்டும்தான். யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, தெரியுதா?"

"யாரு சாமானுங்க ஐயா இது?"

"அது உனக்கெதுக்கு?" என்றவர் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தால், வெள்ளைக்காரத் துரையின் மடக்குக் கத்தி. கவ்வாத்துக் காட்டில் நின்றுகொண்டு ஒரு குச்சியை ஒடித்து இந்தக் கத்தியால் சீவிப் பார்ப்பார் அவர். அந்தக் கத்தியைத் தெரியாதவர் தோட்டத்திலேயே கிடையாது. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று. பிடியின் இரண்டு பக்கமும் பழுப்பு நிறக் கொம்பு வைத்திருந்தது. ஒரு பக்கக் கொம்பு பாதியில் முறிந்து, ஆணி ஒன்று காணாமல் போய், மிச்சம் காலில் செத்த நகம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. சின்ன அலகு வேறு ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு துண்டுக்கே முட்டிபோட வைத்தவர்கள் கத்திக்கு என்ன செய்வார்கள்? என் கணக்கு அந்த நிமிஷமே முடிந்துவிட்டது. கத்தியை எங்கள் வீட்டில் வைத்தாயிற்று. இனி நாலு நாளுக்குள் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "பாருங்கள், துரையின் கத்தியைத் திருடி வைத்திருக்கிறான்" என்று காட்டிக்கொடுப்பார். இல்லாவிட்டால் எதற்காக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும்?

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, கத்தி உடைஞ்சு போச்சு, கொண்டாந்து குடுத்திருக்காரு. இதுல என்னா இருக்கு? நீ ஏன் புள்ள எல்லாத்துலயும் பாம்பு பாக்குற?"

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால வாய விட்டீங்களே, மறந்து போச்சா? அவரு மறந்திருப்பாரா?"

"அது போன வருசம் லா."

"ஆமா, வருசத்தப் பாத்துத்தான் வன்மம் வருமாக்கும்."

அவர் சிரித்துவிட்டு மரவள்ளிக் கிழங்கை உரிக்க உட்கார்ந்தார். நான் யோசித்துப் பார்த்தேன். செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் கிராணிக்குக் கோபம் வரும், லிஸ்டில் பேர் ஏறும். நாலு நாள் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் ஒரே நாளில் செய்து, அவர் எதிர்பார்க்காத நேரத்தில் அவர் கையிலேயே திணித்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். கிழங்குக் கூடைக்கு அடியில் கத்தியை ஒளித்து வைத்தேன். மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரி அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள். தினமும் வருகிறவள்தான். அன்றைக்கு மட்டும் அவள் கூடையையே பார்ப்பது போல இருந்தது. அவளையும் கிராணி அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து எடுத்தது போதும் என்று அனுப்பிவிட்டார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட்டாலே கேட்காது, சுத்தியல் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

மிச்சம் நின்ற ஆணியின் தலையை அரத்தால் தேய்த்து எடுத்து, பின்னாலிருந்து தட்டி வெளியே தள்ளினேன். உடைந்த கொம்பு கையோடு வந்தது. அடியில் பித்தளைத் தகடு பளிச்சென்று இருந்தது. கொம்புக்கு எங்கே போவது? அடுப்புக்கு மேலே விறகுக்காகக் காய வைத்திருந்த தேயிலைக் கட்டை ஒன்றை எடுத்தேன். கவ்வாத்தில் கழித்துப்போட்ட கிழட்டுச் செடியின் அடிக்கட்டை அது. தேயிலைக் கட்டை காய்ந்துவிட்டால் கல்லுதான். அதில் ஒரு சில்லைப் பிளந்து, தகட்டின் மேல் வைத்து ஓரத்தைக் கீறிக்கொண்டு, அம்மிக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் போய்விட்டது. குடைக்கம்பியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி இரண்டு துளை போட்டேன். ஆணிக்கு என் பித்தளைக் கொண்டை ஊசியை வெட்டினேன். கோடாலியின் பின்பக்கத்தில் கத்தியை வைத்து, ஆணியின் இரண்டு முனையையும் மெதுவாக, மெதுவாக, பூப்போல விரியும்வரை தட்டினேன். பலமாக ஒரு அடி அடித்தால் கட்டை பிளந்துவிடும். கடைசியில் உடைந்த கண்ணாடியால் சுரண்டி, கொஞ்சம் செம்பனை எண்ணெய் போட்டுத் துணியால் துடைத்தேன். புதுப் பக்கம் கொஞ்சம் சிவப்பு, பழைய பக்கம் பழுப்பு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடிக்கொண்டிருந்த சின்ன அலகை ஒரு தட்டில் சரி பண்ணியிருக்கலாம். தொடவில்லை. பிடி மட்டும் என்று அழுத்திச் சொன்னாரே, அலகில் கை வைத்தால் அதற்கு ஒரு குற்றம் கட்டுவாரோ என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே கூடையில் கொழுந்துக்கு அடியில் கத்தியை வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கிராணி தனியாக இருந்தார். அடுத்த அறையில், ஜப்பான் துரையின் பேச்சை எங்களுக்குத் தமிழில் சொல்லத் தாப்பாவிலிருந்து வந்த துபாஷி யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். கிராணி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜைக்குக் கீழே கத்தியை வைத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"உன் புருஷன் செஞ்சதுதானே?" குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேட்டுக்கொண்டே ஒரு தாளை இழுத்துப் போட்டுப் பேனாவைத் திறந்தார்.

பேனாவைத் திறந்ததுதான் எனக்குத் தெரிந்தது. துரையின் கத்தி என் வீட்டுக்காரர் கையில் இருந்ததென்று என் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளப் பார்க்கிறார், இதற்காகத்தான் இவ்வளவு நாடகம் என்று பட்டது.

"இல்லீங்க ஐயா. அவருக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது. ரிங்லெட்ல ஒரு சீனக் கெழவருகிட்ட நான்தான் குடுத்து வாங்கினேன்."

"குடை, பூட்டு எல்லாம் அவன்தான் செய்றான்னு லயமே சொல்லுதே?"

"லயம் ஆயிரம் சொல்லுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அவன் செஞ்சான்னா சொல்லு, நான் இப்பவே எழுதிடறேன்."

"சத்தியமா அவரு இல்லீங்க. அவரு கையே இதுல படல."

கடைசியில் சொன்னதென்னவோ உண்மைதான்.  கிராணி பேனாவை மூடிவிட்டு, "சரி போ" என்றார். என் வாயிலிருந்து பிறந்த சீனக் கிழவரைத் தேடிக்கொண்டு போய் யாராவது ஒரு நிஜக் கிழவரைப் பிடித்து அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கிராணியையே ஏமாற்றிவிட்டேன் என்ற சந்தோஷத்தில் மேடு ஏறினேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்ப என் பேரக் கெடுத்துட்டேன்னு சொல்லு" என்று மீசையைத் தடவிச் சிரித்தார்.

அடுத்த வாரம் பெரட்டு மைதானத்தில் இரண்டு லோரி நின்றது. ஜப்பான் துரை நின்றான், துபாஷி நின்றான், துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். கிராணி லிஸ்டைப் படித்தார். என் வீட்டுக்காரர் பேர் ஏழாவதோ எட்டாவதோ வந்தது. ஒரு துணி எடுத்துக்கொள்ளக்கூட விடாமல் லோரியில் ஏற்றினார்கள்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஓடிப்போய்க் கிராணியின் முன்னால் நின்றேன். ஐயா என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. "இதுக்குத்தானே கத்தியக் கொண்டாந்து வெச்ச! பழி தீத்துட்டே இல்ல!"

அவர் லிஸ்டை மடக்கினார். 

"பைத்தியக்காரி. அது ஜப்பான் துரை பங்களாவுல எடுத்து வெச்சிருந்த கத்தி. இத எவன் சரி பண்றானோ அவன சயாமுக்கு அனுப்ப வேண்டாம், பங்களாவுக்கும் பெக்டரிக்கும் ரிப்பேர்க்காரனா வெச்சுக்கலாம்னு சொன்னான். ஒரு பேரையாச்சும் எடுக்கலாமேன்னு உன் புருஷன நெனச்சேன். வெளிய தெரிஞ்சா லயமே என் வாசல்ல நிக்கும், லிஸ்ட் வர்ற நாளும் தெரிஞ்சிரும். அதான் வாய மூடிக்கிட்டுக் குடுத்தேன். அவன் இல்லன்னு நீதானே சத்தியம் பண்ணினே?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "செஞ்சது எங்க வீட்டுலதாங்க ஐயா, எங்க வீட்டுலதான்" என்று அவர் காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, துபாஷியிடம் போய்ப் பேசினார். துபாஷி துரையிடம் பேசினான். துரை பையிலிருந்து அந்தக் கத்தியை எடுத்தான். என் வீட்டுக்காரரை லோரியிலிருந்து இறக்கச் சொன்னான்.

ஆபீசிலிருந்து ஒரு சுத்தியல் வந்தது. துரை ஆடுகிற சின்ன அலகை ஆட்டிக் காட்டி ஏதோ சொன்னான்.

"நீதான் செஞ்சேன்னா இதையும் இப்ப சரி பண்ணிக் காட்டணுமாம்" என்றான் துபாஷி.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் விரலால் மெதுவாக, மெதுவாக என்று காட்டினேன். அவர் கத்தியை ஒரு கல்லின் மேல் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். அலகு இறுகித் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றது. துரை அவர் கன்னத்தில் அறைந்தான். இன்னொரு தரம் கையை ஓங்கினான்.

அப்போது நான் செய்ததை இன்றைக்கு வரைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். சும்மா நின்றிருக்க வேண்டும், இல்லை அழுதிருக்க வேண்டும். நான் குறுக்கே விழுந்து கத்தியைப் பிடுங்கினேன். குனிந்து, அலகுக்கும் தகட்டுக்கும் நடுவில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, ஆணியை மறுபக்கத்திலிருந்து இரண்டு தட்டு, திருப்பி ஒரு தட்டு. அலகு சுகமாகத் திறந்து சுகமாக மூடியது. அவனிடம் நீட்டினேன்.

 துரை திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். என் கையைப் பிடித்துத் தோல் போன விரல் நுனிகளைப் பார்த்தான். சிரித்தான். துபாஷியிடம் சொன்னான்.

"இனிமே நீ பெக்டரியில ரிப்பேர் வேல பாக்கணுமாம். அரிசி தனியாக் குடுப்பாங்களாம்" என்றான் துபாஷி.

"அப்ப எங்க வீட்டுக்காரு?"

துபாஷி துரையிடம் கேட்கக்கூட இல்லை. "செஞ்சது நீதானே?" என்றான்.

சிப்பாய்கள் அவரை மறுபடியும் லோரியில் ஏற்றினார்கள். நான் லோரியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அவர் முகத்தில் அறைந்த கை அப்படியே பதிந்திருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் நின்றவனிடம், லயமே கேட்கிற மாதிரி, "பாத்தியா? எல்லாம் அவ செஞ்சதுதான். உன் வீட்டுக் கொடையும் அவதான்" என்றார். லோரி நகர்ந்தது. வளைவு திரும்பும்வரை அவர் தலை தெரிந்தது.

மறுநாள் பெரட்டில் கிராணி என் பேரைக் கூப்பிட்டார். அதுவரைக்கும் கொழுந்து எடுக்கும் ஆட்களில் நான் இன்னாருடைய பெண்சாதிதான். இப்போது ரிப்பேர் வேலை என்று என் பேரையே எழுதியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு பெரட்டிலும் நினைத்துக்கொள்வேன். யுத்தம் முடிவதற்குள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். நான் கேட்கவே இல்லை.

சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பினவர்கள் மூன்று பேர். அவர் அதில் இல்லை. யார் எந்தச் சாமானைக் கொண்டுவந்து யார் செய்தது என்று கேட்டாலும், அவர்தான் என்று வருஷக்கணக்காக வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். கிராணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட அந்த ஒரு தரம் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.